மூளைக் கட்டிக்கு எந்த மரபணுச் சோதனை? காசு கட்டும் முன் ஓர் ஒப்பீடு

மூளை ஆபரேஷன் முடிந்து ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து பயாப்சி ரிப்போர்ட் வருகிறது. அதில் 'க்ளியோமா' என்று எழுதியிருக்கும். கூடவே டாக்டர் ஒரு கேள்வியும் கேட்பார்: "ஜீன் டெஸ்ட் எதுவரைக்கும் பண்ணலாம்?" காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ போய்த் தங்கியிருக்கும் குடும்பம், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டே இதற்கு முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது. தாளில் நாலைந்து சோதனைகளின் பெயர் இருக்கும். ஒன்றுக்குச் சில ஆயிரம் ஆகும், இன்னொன்றுக்குப் பல பத்தாயிரம் ஆகும். எந்தப் பெயரும் வாயில் நுழையாது.

நான் டாக்டர் இல்லை. திசு ஆய்வகத்தில் நெடுநாள் வேலை பார்த்தவன். இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். சொந்தபந்தமும் தெரிந்தவர்களும் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். "அண்ணே, எதுக்கு வம்பு, எல்லா டெஸ்டையும் ஒண்ணா எடுத்திடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. "ஆபரேஷன்தான் முடிஞ்சிருச்சே, இன்னும் எதுக்கு டெஸ்டு?" என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். சோதனையின் முடிவு எப்படி வந்தாலும் அடுத்த வைத்தியம் மாறப்போவதில்லை என்றால் அந்தச் சோதனை இப்போதைக்குக் காத்திருக்கலாம். முடிவைப் பொறுத்து வைத்தியம் மாறும் என்றால் எப்படியாவது செய்துவிட வேண்டும். எது எந்த வகை என்பது பெரும்பாலும் நோயாளியின் வயதைப் பொறுத்தது.

ஒரு விஷயத்தை முதலில் பிரித்துவிடுகிறேன். நுரையீரலிலோ மார்பகத்திலோ தொடங்கி மூளைக்குப் பரவிய கட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்கு மூலப் புற்றுநோய்க்குரிய சோதனைகள்தான் செய்ய வேண்டும். இங்கே பேசுவது மூளைக்குள்ளேயே உருவாகும் க்ளியோமா வகைகளைப் பற்றி மட்டும்.

எல்லாருக்கும் தேவையான, விலை குறைந்த முதல் படி ஐ.எச்.சி. எனப்படும் சாயச் சோதனை. பயாப்சித் துண்டிலிருந்து மெல்லிய ஏடுகளாகச் சீவி, குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று சாயமேற்றிப் பார்ப்பார்கள். இதில் முக்கியமானவை ஐடிஎச்1, ஏடிஆர்எக்ஸ் என்ற இரண்டு புரதங்கள். ஐடிஎச் மரபணுவில் மாற்றம் இருந்தால் கட்டி பொதுவாக மெதுவாக வளரும் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆண்டுக் கணக்கில் பேசலாம். மாற்றம் இல்லாமல், வயதும் ஐம்பதைத் தாண்டியிருந்தால், பெரும்பாலும் க்ளியோபிளாஸ்டோமா என்ற வேகமான வகை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இந்த இரண்டும் தனித்தனி நோய்கள். முன்பெல்லாம் மைக்ராஸ்கோப்பில் தெரியும் தோற்றத்தை வைத்தே பெயர் வைத்தார்கள். இப்போது ஐடிஎச் முடிவு இல்லாமல் கட்டிக்கு முழுப்பெயரே வைக்க முடியாது. அதனால் இந்தப் படியைத் தவிர்ப்பது பற்றிப் பேச்சே வேண்டாம்.

க்ளியோமாவில் வரும் ஐடிஎச் மாற்றங்களில் சுமார் 90 சதவீதம் ஒரே இடத்தில் வருபவை. சாயச் சோதனை அதை மட்டும்தான் பிடிக்கும். அறுபது வயதுக்காரருக்கு ஐ.எச்.சி. நெகட்டிவ் என்று வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். முப்பத்தைந்து வயதுக்காரருக்கு நெகட்டிவ் என்று வந்தால் நிறுத்தக் கூடாது. மீதிப் பத்து சதவீதத்தில் ஒருவராக இருக்கக்கூடும் என்பதால் மரபணுவின் எழுத்துகளையே படித்துப் பார்க்கும் வரிசைமுறைச் சோதனை வரை போகச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்தது எம்ஜிஎம்டி. குடும்பங்கள் அதிகம் குழம்புவது இங்கேதான் என்பதால் நானும் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

க்ளியோபிளாஸ்டோமாவுக்குக் கொடுக்கும் முக்கியமான மருந்து டெமோசோலோமைடு என்ற மாத்திரை. கட்டிச் செல்லின் டிஎன்ஏவைச் சேதப்படுத்திக் கொல்வது அதன் வேலை. எம்ஜிஎம்டி என்ற புரதம், சுவரில் வெடிப்பு விழ விழப் பூசி அடைத்துக்கொண்டே வரும் கொத்தனார் மாதிரி, அந்தச் சேதத்தை உடனுக்குடன் சரிசெய்துவிடும். சில கட்டிகளில் இந்த மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற வேதிக்குறி ஒட்டிக்கொண்டு மரபணுவையே அணைத்துவைத்திருக்கும். அப்போது புரதம் உற்பத்தியாகாது, சேதம் சேதமாகவே நிற்கும், மருந்து நன்றாக வேலை செய்யும். ரிப்போர்ட்டில் 'மெத்திலேட்டட்' என்று வந்தால் நல்ல செய்தி, 'அன்மெத்திலேட்டட்' என்று வந்தால் மருந்தின் பலன் குறைவு. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, ஏதோ கோளாறு கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அழுதபடி வருகிறார்கள்.

எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு 2005-இல் வெளியான பெரிய ஐரோப்பிய–கனடிய ஆய்வின் எண்களே இன்றும் அளவுகோல். மெத்திலேட்டட் கட்டி உள்ளவர்களில், கதிர்வீச்சோடு டெமோசோலோமைடும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 21.7 மாதம், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு 15.3 மாதம். அன்மெத்திலேட்டட் கட்டியில் அது 12.7, 11.8. அதாவது மருந்து சேர்த்தும் பெரிய வித்தியாசம் இல்லை. இடைநிலை என்றால் பாதிப் பேர் அதைவிட அதிகம் வாழ்ந்தார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்களை யாருடைய தலையெழுத்தாகவும் நான் படித்துக்காட்டுவதில்லை.

அப்படியானால் எல்லாரும் எம்ஜிஎம்டி செய்துதான் ஆக வேண்டுமா? வயதைப் பார்க்க வேண்டும்.

ஐம்பது வயது, ஆள் திடகாத்திரம் என்றால், முடிவு எப்படி வந்தாலும் வழக்கமான வைத்தியம் ஒன்றுதான்: ஆறு வாரத்தில் 30 தடவை கதிர்வீச்சு, கூடவே தினமும் மாத்திரை, அப்புறம் 28 நாளுக்கு ஒருமுறை ஐந்து நாள் மாத்திரையாக ஆறு சுற்று. அன்மெத்திலேட்டட் என்பதற்காக இந்த வயதில் பெரும்பாலான டாக்டர்கள் மாத்திரையை நிறுத்துவதில்லை. கைவசம் அதைவிடச் சிறந்த மாற்று இல்லை. ஆகவே பணம் மிகவும் நெருக்கடியாக இருந்தால், இந்த வயதுக்காரருக்கு வைத்தியத்தை இன்றே தொடங்கிவிட்டு எம்ஜிஎம்டி முடிவைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். முடிவுக்காகக் காத்திருந்து கதிர்வீச்சைத் தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மெத்திலேட்டட் என்று தெரிந்தால் லோமுஸ்டின் என்ற மருந்தையும் சேர்க்கலாமா என்ற பேச்சு வரும். 2019-இல் வந்த ஜெர்மன் ஆய்வில் இரண்டும் சேர்த்து எடுத்தவர்களுக்கு இடைநிலை ஆயுள் 48.1 மாதம், டெமோசோலோமைடு மட்டும் எடுத்தவர்களுக்கு 31.4 மாதம். ஆய்வு சிறியது, பக்க விளைவும் கூடுதல். உடல் தாங்குமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வயது எழுபதைத் தாண்டியிருந்தால் கதையே வேறு. இங்கே எம்ஜிஎம்டி முடிவு வைத்தியத்தை நேரடியாக மாற்றிவிடும்.

நம் ஊர்ப்பக்கத்து நிலைமையை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். பெரிய வீட்டில் ஆச்சி மட்டும், துணைக்கு ஒரு ஆள். கட்டியால் ஒரு பக்கக் கை கால் தளர்ந்திருக்கிறது. கதிர்வீச்சு என்றால் ஆறு வாரம் மதுரையிலோ திருச்சியிலோ வீடு பிடித்துத் தங்க வேண்டும், அல்லது தினமும் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் காரில் அலைய வேண்டும். தெம்பான இளைஞருக்கே அது கடினம். மாத்திரை என்றால் சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில் படுத்தபடி எடுத்துக்கொள்ளலாம். வெறும் வயிற்றில் மாத்திரை, அதற்கு முன்பு வாந்தி வராமலிருக்க ஒரு மாத்திரை, குறித்த நாளில் ரத்த அணுக்களின் எண்ணிக்கை. அந்த ரத்தச் சோதனையை காரைக்குடியிலேயே எடுத்து ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் டாக்டருக்கு அனுப்பிவிடலாம்.

இந்தத் தேர்வைச் செய்ய ஆதாரம் இருக்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களிடம் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் நடத்தி 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் மாத்திரை மட்டும், கதிர்வீச்சு மட்டும் என்று இரண்டையும் ஒப்பிட்டார்கள். மெத்திலேட்டட் கட்டியுள்ளவர்களுக்கு மாத்திரையில் 8.4 மாதம் வரை நோய் கூடாமல் இருந்தது, கதிர்வீச்சில் 4.6 மாதம்தான். அன்மெத்திலேட்டட் என்றால் அப்படியே மாறிவிட்டது: மாத்திரையில் 3.3, கதிர்வீச்சில் 4.6. ஆக, நடமாட்டம் குறைந்த முதியவருக்கு மெத்திலேட்டட் என்று வந்தால் வீட்டிலிருந்தபடியே மாத்திரை என்பது நியாயமான வழி. அன்மெத்திலேட்டட் என்றால் மாத்திரையை மட்டும் நம்பி வீட்டில் உட்காரக் கூடாது. அவர்களுக்கு 30 தடவைக்குப் பதில் மூன்று வாரத்தில் 15 தடவையாகக் கதிர்வீச்சைச் சுருக்கலாம். மிகவும் தளர்ந்தவர்களுக்கு ஒரே வாரத்தில் 5 தடவை என்ற முறையும் 2015-இல் சோதிக்கப்பட்டு, மூன்று வார முறைக்குக் குறையாத பலன் தந்திருக்கிறது.

முதியவர் என்றாலே கதிர்வீச்சு வேண்டாம் என்று இதை வைத்து யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. எழுபது வயதிலும் தானாகக் குளித்து, நடந்து, கோயிலுக்குப் போய்வருகிறவர் என்றால் சுருக்கிய கதிர்வீச்சும் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பதே மேல். 2017-இல் வெளியான ஆய்வில், 65 வயதும் அதற்கு மேலும் உள்ள மெத்திலேட்டட் நோயாளிகளுக்கு இரண்டும் சேர்ந்தபோது இடைநிலை ஆயுள் 13.5 மாதம், கதிர்வீச்சு மட்டும் என்றபோது 7.7 மாதம். இவ்வளவு பெரிய முடிவு சில ஆயிரம் ரூபாய்ச் சோதனை ஒன்றில் தொங்குகிறது என்பதால்தான், முதியவர் விஷயத்தில் மற்ற எதை விட்டாலும் எம்ஜிஎம்டியை விடாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். நடைமுறையில் இதற்கு நேர்மாறாக நடப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. "வயசானவங்கதானே, எதுக்கு இன்னும் செலவு?" என்று முதியவருக்குத்தான் இந்தச் சோதனையை முதலில் வெட்டுகிறார்கள்.

எம்ஜிஎம்டி சோதனையிலேயே ஒரு மலிவு வகை உண்டு: மெத்தில் குறியைப் பார்க்காமல் புரதத்தை மட்டும் சாயமேற்றிப் பார்ப்பது. அது வேண்டாம். புரதச் சாயமும் மெத்திலேஷன் முடிவும் ஒத்துப்போவதில்லை. அதை நம்பி வைத்தியம் தீர்மானிக்க முடியாது. மெத்தில் குறியையே பார்க்கும் பிசிஆர் முறையிலோ பைரோசீக்வென்சிங் முறையிலோ செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். சதவீதமாக வரும் ரிப்போர்ட்டில் எல்லைக்கோட்டு எண்கள் வரும். அங்கே ஆம், இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஆய்வகத்தின் வரம்பும் கொஞ்சம் வேறுபடும்.

இனி இளவயது. வெளிநாட்டில் வேலையில் இருக்கும்போது திடீரென்று வலிப்பு வந்து, ஊருக்குத் திரும்பி ஆபரேஷன் செய்துகொண்ட முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் என்று வையுங்கள். ஐடிஎச் பாசிட்டிவ் என்றால் அடுத்த கேள்வி எம்ஜிஎம்டி அல்ல, 1பி/19க்யூ. ஒன்றாம் குரோமோசோமின் குட்டைக் கையும் பத்தொன்பதாம் குரோமோசோமின் நெட்டைக் கையும் முழுதாகக் காணாமல் போயிருக்கிறதா என்று ஒளிரும் குறியேற்றிப் பார்க்கும் ஃபிஷ் முறையிலோ வேறு முறையிலோ பார்ப்பது. இரண்டும் போயிருந்தால் அது ஒலிகோடெண்ட்ரோக்ளியோமா. கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும். போகாவிட்டால் அஸ்ட்ரோசைட்டோமா என்ற இன்னொரு க்ளியோமா வகை.

இந்தக் குறி தேவையா என்ற சந்தேகமே வேண்டாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த நீண்ட ஆய்வு ஒன்றில், வேகம் கூடிய ஒலிகோ வகையில் இந்த இழப்பு உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சு மட்டும் கொடுத்தபோது இடைநிலை ஆயுள் 7.3 வருடம், பிசிவி எனப்படும் மூன்று மருந்துக் கீமோவையும் சேர்த்தபோது 14.7 வருடம். ஏறக்குறைய இரட்டிப்பு. முதல் சில வருடங்களில் இந்த வித்தியாசம் வெளியே தெரியவில்லை. பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்த பிறகுதான் தெரிந்தது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் தகப்பனுக்கு ஏழு வருடமும் பதினான்கு வருடமும் ஒன்றல்ல.

இங்கே செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. முதல் படியில் பார்த்த ஏடிஆர்எக்ஸ் சாயம் கட்டிச் செல்களில் முற்றிலும் காணாமல் போயிருந்து, ஐடிஎச்சும் பாசிட்டிவ் என்றால் அது அஸ்ட்ரோசைட்டோமாதான். 1பி/19க்யூ செய்ய வேண்டியதில்லை. சாயம் ஏறியிருந்தால்தான் ஃபிஷ் தேவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுதிக்கொடுத்துக் கட்டணம் கட்டச் சொல்லும்போது, "ஏடிஆர்எக்ஸ் பார்த்துட்டு அப்புறம் செய்யலாமா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேட்கலாம். அஸ்ட்ரோசைட்டோமா என்று வந்தால் சிடிகேஎன்2ஏ/பி என்ற மரபணு இழந்திருக்கிறதா என்பதும் முக்கியம். இரு பிரதியும் போயிருந்தால், மைக்ராஸ்கோப்பில் சாதுவாகத் தெரிந்தாலும் அது மிக வேகமான நான்காம் தரம்.

ஐடிஎச் மாற்றத்தையே குறிவைக்கும் வோராசிடெனிப் என்ற மாத்திரை அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் அங்கீகாரம் பெற்றது. ஆபரேஷனுக்குப் பிறகு உடனடியாகக் கதிர்வீச்சோ கீமோவோ தேவைப்படாத, மெதுவாக வளரும் இரண்டாம் தரக் கட்டிகளில், நோய் கூடாமல் இருந்த காலத்தை 11.1 மாதத்திலிருந்து 27.7 மாதமாக நீட்டியது. விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. இருந்தாலும் பிற்காலத்தில் வழி பிறக்கும்போது ஐடிஎச் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும், பத்திரப்படுத்துங்கள்.

சரி, பெரிய பேனல்? நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே மூச்சில் படிக்கும் என்ஜிஎஸ், அதற்கும் மேலே டிஎன்ஏ நெடுக மெத்தில் குறிகளைப் பார்க்கும் மெத்திலேஷன் அர்ரே. இவற்றை எல்லாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று இடங்களில் மட்டும் காசுக்குப் பலன் உண்டு என்பது என் கருத்து. ஸ்கேனில் கட்டி முரட்டுத்தனமாகத் தெரிந்து, பயாப்சியில் மட்டும் சாதுவாக வந்து, ஐடிஎச்சும் நெகட்டிவ் என்றால் பேனல் உதவும். டெர்ட் என்ற மரபணுவில் மாற்றமோ, ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவின் பெருக்கமோ, ஏழாம் குரோமோசோம் கூடிப் பத்தாவது குறைந்திருப்பதோ தெரிந்தால் அது க்ளியோபிளாஸ்டோமா என்றே கொள்ளப்படும், வைத்தியமும் அதற்கேற்ப மாறும். குழந்தைகள், இளைஞர்களின் கட்டி இரண்டாவது இடம். அவர்களிடம் பிராஃப் என்ற மரபணுவில் வி600இ எனப்படும் மாற்றம் இருந்தால் டாப்ராஃபெனிப், டிராமெடினிப் என்ற இரு மருந்துகள் சேர்ந்து நன்றாக வேலை செய்கின்றன. இரண்டு பத்தாலஜிஸ்டுகள் இரண்டு பெயர் சொல்லும் கட்டி மூன்றாவது.

எழுபது வயதில் சந்தேகமில்லாத க்ளியோபிளாஸ்டோமா என்றால், எம்ஜிஎம்டி தவிர, பேனலில் வரும் நீண்ட பட்டியல் பெரும்பாலும் எதையும் மாற்றாது. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் 'பொருந்தக்கூடிய மருந்துகள்' என்று பல பெயர் அச்சாகியிருக்கும். அவற்றில் பல வேறு புற்றுநோய்களில் பலித்தவை. ஈஜிஎஃப்ஆர் மருந்துகள் நுரையீரலில் சாதித்ததை க்ளியோபிளாஸ்டோமாவில் சாதிக்கவில்லை. நிவோலுமாப் என்ற எதிர்ப்பாற்றல் மருந்தும் இந்தக் கட்டியில் பெரிய ஆய்வுகளில் ஆயுளை நீட்டவில்லை. அந்தக் கடைசிப் பக்கத்தை நம்பி நகையையும் இடத்தையும் விற்க வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.

ரத்தத்திலோ எச்சிலிலோ பார்த்துச் சொல்கிறோம் என்பவர்களையும் தள்ளிவையுங்கள். மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு காரணமாகக் க்ளியோமாவின் டிஎன்ஏ ரத்தத்துக்கு மிகக் குறைவாகவே கசிகிறது. எச்சிலில் இருப்பதோ பிறவியில் வந்த மரபணு. கட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. பயாப்சித் துண்டுக்கு இப்போதைக்கு மாற்று இல்லை.

அந்தத் துண்டைப் பற்றித்தான் நான் எல்லாரிடமும் கண்டிப்பாகப் பேசுவேன். அது மெழுகுக்குள் பதித்து, சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில், ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண்ணோடு இருக்கும். அதன் பெயர் பிளாக். ஊசி பயாப்சியில் கிடைப்பது அரிசியளவுத் திசு. ஒவ்வொரு சோதனைக்கும் அதிலிருந்து சீவச் சீவ அது தேய்ந்துகொண்டே போகும். வேண்டாத சாயங்களுக்கெல்லாம் சீவிவிட்டு, கடைசியில் எம்ஜிஎம்டிக்குத் திசு இல்லை என்று கைவிரித்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறேன். ஆபரேஷனுக்கு முன்பே, "திசு குறைவா இருந்தா ஐடிஎச்சுக்கும் எம்ஜிஎம்டிக்கும் முதல்ல ஒதுக்கி வைங்க" என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வேறு ஊருக்கு அனுப்ப வேண்டுமென்றால் பிளாக், ஸ்லைடு, ரிப்போர்ட் நகல் மூன்றையும் எழுதிக்கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக் எண்ணும் ரிப்போர்ட் எண்ணும் ஒன்றா என்று அங்கேயே சரிபாருங்கள். பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு எடுத்துப் போகிறவர் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் மெழுகு இளகிவிடும்.

பணத்துக்கு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் வைத்தியத்தோடு சோதனைச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். வேலூர் சிஎம்சி, அடையாறு புற்றுநோய் நிலையம், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் பிளாக்கை மட்டும் கொண்டுபோய்க் காட்டி இரண்டாம் கருத்து கேட்பதும் நல்ல வழி. நோயாளியை அலைக்க வேண்டியதில்லை.

கடைசியாக, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஜீன் டெஸ்டுன்னு எழுதிட்டா, நாளைக்குப் பொண்ணுக்கு இடம் பார்க்கும்போது பேச்சு வராதா?" இந்தப் பயத்தாலேயே சோதனையைத் தவிர்த்த வீடுகள் உண்டு. ஐடிஎச், எம்ஜிஎம்டி, 1பி/19க்யூ இவையெல்லாம் கட்டிக்குள் மட்டும் ஏற்பட்ட மாற்றங்கள். பிள்ளைக்கும் போகாது, பேரனுக்கும் போகாது. பரம்பரையாக வரும் மூளைக் கட்டிகள் மிகச் சிலவே. நெருங்கிய ரத்த உறவில் பலருக்கு இளவயதிலேயே வெவ்வேறு புற்றுநோய் வந்திருந்தாலோ, உடம்பில் பால்காப்பி நிறத் திட்டுகளும் முடிச்சுகளும் இருந்தாலோ மட்டும் மரபியல் ஆலோசகரைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதற்கு எடுக்கும் ரத்தச் சோதனை வேறு, அந்த ரிப்போர்ட்டும் வேறு.